பதினோராவது நிமிஷம்

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், அது கிரீச்சுங்கும். இதுல உக்காருங்க. உங்க பொண்ணு மாடியில படம் பாக்குதா? அப்ப இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். அந்தப் படம் எனக்கு மனப்பாடம். உப்பளத்துல ஒரு ஆளு இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்கு உப்பை வாரிக்கிட்டே போறான். அங்க போய்ச் சேந்ததும் திரும்பி இந்த மூலைக்கு வாரிக்கிட்டே வரான். ஒன்றரை மணி நேரம் சார்! வசனம் கிடையாது, பாட்டு கிடையாது, நடுவுல ஒரு டீ கூடக் குடிக்கல அந்த மனுஷன். மொத நாள் பாத்துட்டு, படம் எடுத்தவன் கையில கிடைச்சா நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்னு இருந்தேன். இப்ப நாலு தடவை பாத்தாச்சு. என்ன பண்றது, பதினோரு நாளா இந்தக் கண்காட்சியிலதானே கிடக்கேன்.

பக்கத்து ரூம்ல பாத்தீங்களா, ஃப்ரிட்ஜுக்கு மைக் கட்டி வெச்சிருக்கான் ஒருத்தன். கொர்ர்ருன்னு அது ஓடுறதுதான் சங்கீதமாம். எங்க வீட்டு ஃப்ரிட்ஜு இருபது வருஷமா கச்சேரி பண்ணுது, ஒருத்தன் கைதட்டினதில்ல.

நான் யாருன்னே சொல்லல பாருங்க. பேரு தெய்வசிகாமணி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தி நாலு வருஷம் சர்வீஸ். பூர்வீகம் மாயவரம், இப்ப அயனாவரம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வரவங்க எல்லார்கிட்டயும் கேக்குறதுதான், தப்பா நினைக்காதீங்க. இந்த ஜனவரி மூணாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், தேனாம்பேட்டை பக்கம் அந்தப் பெரிய ஹால்ல ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி. நீங்க போயிருந்தீங்களா?

அட! அம்மாவைக் கொண்டு விட்டீங்களா? நீங்க உள்ள போகல. கார்லயே உக்காந்து ஆபீஸ் வேலை. சரி சரி, அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பரவால்ல. அன்னிக்குப் பின்வரிசையில, கதவுப் பக்கமா ஒரு அம்மா இருமியிருக்காங்க. அந்த அம்மா யாருன்னு எனக்குத் தெரியணும். இன்னியோட கண்காட்சி முடியுது சார், ஆறு மணிக்குக் கதவை மூடிருவாங்க. அதுக்குள்ள தெரிஞ்சாகணும்.

சண்டை போடவா? சிரிக்காதீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியா இருந்தா போட்டிருப்பேன். என்னை யாருன்னு நினைச்சீங்க? கச்சேரி ரெக்கார்டிங்னா அந்த வட்டாரத்துல என் பேரைத்தான் சொல்லுவாங்க. வித்வான்கிட்ட முறையா அனுமதி வாங்கிட்டு, மூணாவது வரிசையில மிஷினை வெச்சிட்டு உக்காந்தேன்னா, கடைசி மங்களம் வரைக்கும் அசைய மாட்டேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டு சுத்தம் பண்ணுவேன். தும்மல், கொட்டாவி, நடுவுல போன் அடிக்கிறது, கேன்டீன்ல டம்ளர் விழுறது, எல்லாத்தையும் எடுத்துருவேன். எடுத்தா அங்க ஒரு பள்ளம் விழும் இல்லையா? அதே கச்சேரியில வேற எங்கயாவது தம்புரா மட்டும் தனியா கேக்குற இடமாப் பாத்து ரெண்டு செகண்டு வெட்டிட்டு வந்து, அந்தப் பள்ளத்துல ஒட்டுவேன். கிழிஞ்ச வேட்டிக்கு ஒட்டுப் போடுற மாதிரிதான். ஆனா ஒட்டு தெரியாது. துபாய்லேர்ந்து, மலேசியாவுலேர்ந்து எழுதுவாங்க சார். "ஐயா, உங்க பதிவுல ஹால்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு"ன்னு. அதை விட என்ன பாராட்டு வேணும்?

மிஷினுக்கு ஒரு உறை உண்டு. நீலச் சில்க் துணி. அது எங்க வீட்டுல தெச்சது. குஞ்சிதம்னு பேரு. என் சம்சாரம்.

அவளுக்கு சங்கீதம்னா உசுரு. என்னை விட அவளுக்கு ஞானம் ஜாஸ்தி, அதை நான் வெளிய சொன்னதில்ல. ராகம் ஆரம்பிச்சு ரெண்டு பிடி வரதுக்குள்ள என் தொடையில விரலால தட்டுவா, கண்டுபிடிச்சிட்டேன்னு. நான் இன்னும் யோசிச்சிட்டு இருப்பேன். முப்பத்தியொரு வருஷம் சேந்து போனோம். நான் அவளை விட்டுட்டு ஒரு கச்சேரிக்குப் போனது கிடையாது, அதை மட்டும் யாரும் சொல்ல முடியாது.

அவளுக்கு இந்த இருமல் வந்துச்சு.

சளி இல்ல, காய்ச்சல் இல்ல, வறட்டு இருமல். ரெண்டு சின்னது. ஒரு மூச்சு நிறுத்தி, மறுபடியும் ரெண்டு சின்னது. அப்புறம் அடியிலேர்ந்து ஒண்ணு. அது முடிஞ்சதும் மூக்கால லேசா ஒரு மூச்சு விடுவா, யார்கிட்டயோ மன்னிப்பு கேக்குற மாதிரி. அவ்வளவுதான். ஆனா எங்க வருது? தோடி ராகத்துல, சரியா அந்த உசந்த இடத்தைத் தொட்டுட்டு பாடகர் நிறுத்துறாரு, ஹாலே மூச்சைப் பிடிச்சிட்டு இருக்கு, அங்க வருது. மைக்குக்கும் அவளுக்கும் நடுவுல ஒண்ணரை அடி. எனக்கு வந்த ஆத்திரம்!

வீட்டுக்கு வந்து, "என்ன குஞ்சிதம், ஒரு மிட்டாயை வாயில போட்டுக்கக் கூடாதா?"ன்னேன். போட்டுக்கிட்டா. அந்தக் காகிதம் பிரிக்கிற சத்தம் வேற சேந்துச்சு. சுக்குத் தண்ணி ஃப்ளாஸ்க்குல எடுத்துட்டு வந்தா. மூடி திறக்குற சத்தம். அப்புறம் சொல்லிட்டேன், "நீ பின்னாடி போய் உக்காந்துக்க. இருமல் வர மாதிரி இருந்தா கதவைத் திறந்துட்டு வெளிய போயிரு"ன்னு. அதட்டிச் சொல்லல. நல்லபடியாத்தான் சொன்னேன். அவளும், "சரிங்க, அதுதான் எனக்கும் நிம்மதி"ன்னா.

பின்னாடி உக்காந்தாலும் கேக்கும் சார். நல்ல மைக் அது. முந்தானையை வாயில வெச்சு அழுத்திக்கிட்டு இருமுவா, அப்பவும் கேக்கும். கச்சேரி முடிஞ்சு பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்ப கேப்பா, "இன்னிக்கு நான் கெடுத்துட்டேனா?"ன்னு. நான் கணக்கு வெச்சிருப்பேன். "ஏழு"ம்பேன். "ஒன்பது"ம்பேன். "போன வாரத்துக்கு இது தேவலாம் இல்ல?"ம்பா. கடைசியில அவளே உள்ள வரதை விட்டுட்டா. கேன்டீன் பக்கம் ஒரு ஸ்பீக்கர் தொங்கும், அதுக்குக் கீழ ஸ்டூல் போட்டு உக்காந்து கேப்பா. அங்க சாம்பார் வாளி இழுப்பாங்க, இலை போடுவாங்க, அந்த இரைச்சல்ல என்னத்த கேட்டிருக்கும்? ஆனா அந்த மாசம் நான் பண்ணின பதிவு இருக்கு பாருங்க, முத்து முத்தா இருக்கும்! ஒட்டே போட வேணாம்னு ஆயிருச்சு.

நோட்டைப் பத்திச் சொல்லல பாருங்க. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பக்கம். எந்த நிமிஷத்துல என்ன சத்தம்னு எழுதிக்குவேன், அப்பதான் வெட்டுறப்ப சுளுவா இருக்கும். தும்மலுக்கு "து", போனுக்கு "போ". மத்தவங்க இருமினா "இ". அவ இருமினா "கு". அவளோடது அவ்வளவு அடிக்கடி வந்துச்சு, தனியா ஒரு எழுத்து கொடுத்துட்டேன்.

ஒரு நாள் மாடிப்படி ஏறுறப்ப நடுவுல உக்காந்துட்டா. உதடெல்லாம் நீலம் பாஞ்சு போச்சு. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். படம் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் கேட்டாரு, "எத்தனை நாளா இந்த இருமல்?"னு. சின்ன வயசு டாக்டர். இந்தக் கேள்விக்கு எல்லாரும் என்ன சார் சொல்லுவாங்க? ஒரு ஆறு மாசம் இருக்கும், ஒரு வருஷம் இருக்கும்னு இழுப்பாங்க. நான் அப்படியா? பையிலேர்ந்து நோட்டை எடுத்தேன். "பதினேழு மாசம் டாக்டர். டிசம்பர் பதினெட்டு, தோடி, இருபத்தி ரெண்டாவது நிமிஷம், அதுதான் மொத இருமல். மொதல்ல ஒரு கச்சேரிக்கு மூணு, நாலு. அடுத்த ஆறு மாசத்துல பதினொண்ணு. கடைசியா உள்ள வந்து உக்காந்தப்ப நாப்பத்தி ரெண்டு"ன்னேன்.

அவரு நோட்டை வாங்கிப் புரட்டிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "இவ்வளவு துல்லியமா நோயாளிகூட வந்த யாரும் எனக்குச் சொன்னதில்ல"ன்னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு சார். பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. அப்புறம் அவரு நோட்டை மூடி என் கையில கொடுத்துட்டு, "மூணு, நாலு இருந்தப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

நுரையீரல் இறுகிப் போச்சாம். பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது தேங்கா நார் மாதிரி ஆயிருச்சாம். மருந்து ஆறு மாசம் ஓடுச்சு, அப்புறம் ஆக்ஸிஜன் சிலிண்டர். படுக்கையில கிடந்துட்டு என்ன சொல்றா தெரியுமா? "இங்க இருமினா யாருக்கும் தொந்தரவு இல்ல, நல்லா வாய் விட்டு இருமலாம்"னு சொல்லிட்டு சிரிக்கிறா. போன அக்டோபர் பத்தொன்பது, காலையில ஒன்பதே முக்கால். நான் பக்கத்துலதான் இருந்தேன்.

காரியமெல்லாம் முடிஞ்சு, வந்தவங்க எல்லாம் போனப்புறம் வீட்டுல ஒரு சத்தம் கிடையாது. அவ குரலை ஒரு தடவை கேக்கணும் போல இருந்துச்சு. கம்ப்யூட்டரைத் திறந்தேன். முந்நூத்தி பதினெட்டு கச்சேரி இருக்கு. ஆயிரம் மணி நேரத்துக்கு மேல. ஊருல உள்ள வித்வான் குரலெல்லாம் பத்திரமா இருக்கு, என் பொண்டாட்டி ஒரு வார்த்தை பேசினது இல்ல. சரி, பேச்சு வேணாம், இருமலாவது? நோட்டை வெச்சுக்கிட்டு "கு" போட்ட இடமெல்லாம் தேடினேன். ஒண்ணு கூட இல்ல. அவ்வளவு சுத்தமா வேலை பாத்திருக்கேன். வெட்டாத மூலப் பதிவு? இடத்தை அடைக்குதுன்னு அப்பப்ப அழிச்சிட்டேன். கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்களே, இங்க சூரியனையே நான்தான் வெட்டி எடுத்திருக்கேன்.

இப்ப என்ன பண்றேன் தெரியுமா? அந்த ஒட்டுப் போட்ட இடத்தைக் கேக்குறேன். தோடி, இருபத்தி ரெண்டாவது நிமிஷம். ரெண்டு செகண்டு தம்புரா. உங்களுக்கு அது தம்புரா. அதுக்குக் கீழ அவ இருக்கான்னு எனக்குத் தெரியும்ல? அந்த ரெண்டு செகண்டையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். என் பொண்ணு பெங்களூர்லேர்ந்து போன் பண்ணி, "அப்பா, சாப்டீங்களா?"ன்னு கேக்கும். "ஆச்சும்மா"ம்பேன்.

அப்பதான் எங்க ரசிகர் குரூப்புல ஒருத்தன் சேதி போட்டான். "சிகாமணி, நீங்க குப்பையில போட்டதையெல்லாம் பொறுக்கி ஒரு பொண்ணு கண்காட்சி வெச்சிருக்கா"ன்னு. ஷெரின்னு பேரு, தூத்துக்குடிப் பொண்ணு. அதோ, வாசல்ல தலைமுடியைக் குட்டையா வெட்டிட்டு நிக்குதே, அதுதான். நல்ல பொண்ணு. மொத நாள் நான் வாய்க்கு வந்தபடி திட்டியும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துச்சு. அது என்ன பண்ணியிருக்கு தெரியுமா? ஒரு முழுக் கச்சேரியைப் பதிவு பண்ணி, பாட்டு, பிடில், மிருதங்கம் வர இடமெல்லாம் வெட்டித் தூரப் போட்டுட்டு, மிச்சத்தை மட்டும் கோத்து வெச்சிருக்கு. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல என்னென்ன நடக்குது, அது மட்டும். நாற்காலி, வளையல், செருமல், கைதட்டு. இருபத்தி மூணு நிமிஷம். நாலு மூலைக்கும் ஒரு ஸ்பீக்கர். உள்ள போய் உக்காந்தா, ஹால் மட்டும் இருக்கும், கச்சேரி இருக்காது. நான் முப்பது வருஷம் பண்ணினதை அப்படியே தலைகீழாப் புரட்டிப் போட்டிருக்கு. எப்படி இருக்கும் எனக்கு? சண்டை போடலாம்னுதான் பஸ் ஏறி வந்தேன். உள்ள போனேன். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன்.

பதினோராவது நிமிஷம்.

ரெண்டு சின்னது. ஒரு மூச்சு. ரெண்டு சின்னது. அடியிலேர்ந்து ஒண்ணு. அப்புறம் அந்த மூக்கு மூச்சு.

எழுந்து நின்னுட்டேன் சார். "குஞ்சிதம்!"னு கத்தியிருக்கேன், எனக்குத் தெரியாது, ஷெரின்தான் அப்புறம் சொல்லுச்சு. நெஞ்சு வலின்னு நினைச்சு எல்லாரும் தண்ணியைத் தெளிச்சாங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் எனக்குக் கேக்கத் தோணுச்சு, "இது என்னிக்கு எடுத்தது?"ன்னு. "ஜனவரி மூணு, ஐயா"ன்னுச்சு.

கணக்கு எனக்குத் தெரியும் சார். அக்டோபர் முன்னாடி, ஜனவரி பின்னாடி. மொத ரெண்டு நாள் ஷெரின்கூட மல்லுக்கு நின்னேன், உனக்குத் தேதி தப்பு, ரெண்டு வருஷத்துக்கு முந்தினதா இருக்கும்னு. பாவம், மைக் வாடகைக்கு எடுத்த ரசீது, டிக்கெட்டு எல்லாம் எடுத்துக் காட்டுச்சு. மூணாம் நாள் மாடிக்குப் போய் அந்த உப்புப் படத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அந்த டைரக்டர் வெட்டவே மாட்டேங்கிறான் சார். ஒரே ஆளு, ஒரே வேலை, கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டே இருக்கான். பாக்கப் பாக்க அந்த ஆளுக்கு இடது கால் லேசா இழுக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. மொத தடவை பாத்தப்ப தெரியல. முப்பத்தியொரு வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தவளை நான் இப்படி ஒரு அரை மணி நேரம் பாத்திருப்பேனான்னு நினைச்சேன். அழுதுட்டேன். பக்கத்துல இருந்தவங்க படத்துக்குத்தான் அழுறேன்னு நினைச்சிருப்பாங்க.

அப்பதான் புரிஞ்சுச்சு. அது குஞ்சிதம் இல்ல. வேற யாரோ. ஆனா இருமல் அதே இருமல். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது, இருமல் விஷயத்துல என் காது ஏமாறாது. அப்படின்னா என்ன அர்த்தம்? இந்த ஊருல எங்கயோ ஒரு அம்மா, பின்வரிசையில கதவுகிட்ட போய் உக்காந்துக்கிட்டு, முந்தானையை வாயில வெச்சு இருமிக்கிட்டு இருக்கா. அவங்க வீட்டுல யாருக்கும் தெரியல. இல்ல, தெரிஞ்சும் என்னை மாதிரி எண்ணிக்கிட்டு மட்டும் இருக்கான் ஒருத்தன். மொத்தம் இருபத்தி மூணு நிமிஷத்துல நாலு தடவை வருது. நாலுதான் சார். "மூணு, நாலு இருந்தப்பவே"ன்னாரே டாக்டர். இப்ப கூட்டிட்டுப் போனா பொழைக்க வழி இருக்கும்ல?

ஹால்காரங்ககிட்டப் போய்க் கேட்டேன். "ஐயா, ஐந்நூறு பேர் வந்தாங்க, யாரு இருமினாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"னு சிரிச்சாங்க. அதான் இங்கயே உக்காந்துட்டேன். அந்தக் கச்சேரிக்குப் போனவங்க யாராவது இதைக் கேக்க வர மாட்டாங்களான்னு. ஒன்பது பேர் வந்தாங்க. ஒருத்தருக்கும் தெரியல. நீங்க பத்தாவது, நீங்களும் கார்ல இருந்துட்டீங்க.

அதோ, முடிஞ்சு மறுபடி ஆரம்பிக்குது. வாங்க சார், பொண்ணு வர வரைக்கும் சும்மா உக்காந்து கேளுங்க, என்ன குறைஞ்சு போச்சு. இப்படி வாங்க, இந்த மூலை ஸ்பீக்கர்தான் கதவுப் பக்கம்.

இது மின்விசிறி. இது யாரோ கைப்பையில சாவி தேடுறாங்க. நான் பேசக் கூடாது, ஆனா உங்களுக்குத் தெரியணும்ல. இப்ப ஏழு நிமிஷம். இந்தக் கைதட்டு தோடிக்கு, தட்டுறதுலயே தெரியும். ஒன்பது. இந்த வளையல் சத்தத்தைக் கவனிச்சுக்குங்க, கண்ணாடி வளையல், ரெண்டு இருக்கும். இருமுறதும் அதே ஆளுதான். பத்தரை. நான் வாயை மூடிக்கிறேன்.

கேட்டீங்களா?

சார்? ஏன் எழுந்துட்டீங்க? முகமே மாறிப் போச்சே. என்ன... அம்மாவா? நிச்சயமாத் தெரியுமா? தெரியலையா. ஒரு வீட்டுல இருந்துக்கிட்டு... சரி, அதை விடுங்க, நான் யாரு உங்களைச் சொல்ல. நிச்சயமாத் தெரிய வேணாம் சார். போன் பண்ணுங்க. இப்பவே பண்ணுங்க. எத்தனை நாளா இருமுறாங்கன்னு கேளுங்க. ஒண்ணுமில்லப்பா, சாதாரண இருமல்தான்னு சொல்லுவாங்க. அவளும் அதைத்தான் சொன்னா. நம்பாதீங்க. நாளைக்குக் காலையில மொத வேலையாக் கூட்டிட்டுப் போங்க.

வெளிய எதுக்குப் போறீங்க, இங்க நல்லாவே டவர் கிடைக்குது. இங்கயே பேசுங்க. அந்தப் பக்கம் உக்காந்திருக்க தம்பி, எதுக்கு "உஷ்"ங்கிறீங்க? அவரு அவங்க அம்மாகிட்டப் பேசுறாரு. நல்லா சத்தமா பேசட்டும்.